முதலில் யார்

இந்தத் தடவை தேதியை யாரிடமும் சொல்லவில்லை.
பேர் சொல்லி ஜெபிக்க வேண்டாம் என்று
ஐயரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.
மூன்று முறை கேட்டாயிற்று,
கர்த்தருக்கும் கூச்சமாக இருக்கும்.

வண்ணார்பேட்டையில் இரவு டியூட்டி.
டிராலியின் கீழ்த்தட்டில், பஞ்சுக்கட்டுக்கு அடியில்
கேள்விப் புத்தகம்.
பச்சை, நீலம், அப்புறம் சிவப்பு.
கோடு போடாத வரி இனி இல்லை.

நான்கு நோயாளிகள். முதலில் யாரைப் பார்ப்பாய்?
நான்கும் சரிதான்.
மிகச் சரியானது ஒன்று இருக்கிறதாம்,
அந்த ஒன்றில்தான் போயின
கூட்டுறவு வங்கியில் கிடக்கும் என் இரண்டு வளையல்கள்.

இரண்டே முக்கால் இருக்கும்.
ஏழாம் கட்டில், முக்கூடல் பீடிக்கடைக்காரர்.
குறட்டை நின்ற விதம் சரியில்லை.
எழுந்தது நானா, என் செருப்பா, தெரியாது.
தலைமாட்டை உயர்த்தி, ஆக்ஸிஜன் திறந்து,
டாக்டரை எழுப்பி,
அவர் நகம் பழைய நிறத்துக்கு வந்த பிறகுதான்
ஐந்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது
காதில் விழுந்தது.
மூன்றாம் கட்டில் அம்மாள் கத்தினாள்:
"ஏட்டி எப்சிபா, சலைன் தீந்து எம்புட்டு நேரமாச்சு!"

எல்லாம் முடித்துத் திரும்பினால்
புத்தகம் அதே பக்கத்தில்.
விடை, இ. மூச்சுத் திணறுகிறவர்.

பென்சிலில் நான் ஆ என்று குறித்திருக்கிறேன்.
எதற்கென்று
எனக்கே விளங்கவில்லை.