அடித்தண்ணீர்

டேங்கர் லாரியின் அடியில்
எந்தக் குடத்துக்கும் சிக்காமல் மிஞ்சுவது
நாலு விரற்கடைத் தண்ணீர்.
கொழிஞ்சாம்பாறை முழுக்க ஊற்றிவிட்டு
லூர்துராஜ் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவான்,
இரவு பத்து மணிக்கு,
ஹாரன் அடிக்காமல்.

முழங்கால்கூட நனையாத குழி.
கள்ளுவண்டிக்காரனிடம் வாங்கிய பழைய தார்ப்பாய்.
ஓரம் மறைய ஒரு புல் வேண்டும் என்றேன்.
சித்திரை மாதம். கோரையாற்றில்
பேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
பாலத்தடியில் மிச்சமிருந்த ஒரு கைப்பிடிப் பச்சையை
சோற்றுப் போசியில் சேற்றோடு வைத்து வந்தான்.

தண்டை விரலிடையில் உருட்டிப் பார்த்தேன்.
உருளவில்லை.
மூன்று விளிம்பு அதற்கு.
புல்லென்று நம்பினவளை
லேசாகக் கீறியது.

ஆடியில் பதினேழு கொத்து.
அதற்குமேல் நான் எண்ணவில்லை.
வேரென்று சொல்ல முடியாது அதை,
சேற்றுக்குள் ஒரு நடை.
கொஞ்சம் நடந்து, நின்று,
மேலே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு
மறுபடி நடப்பது.

"குடிக்கவே வழியில்லை, கொக்குக்குக் குளம்."
பக்கத்து வீட்டுத் தேவகி
பாதியை மலையாளத்தில் சொன்னாள்,
எங்களுக்கு உறைக்க வேண்டிய பாதியைத் தமிழில்.

மாசியில் நீர் நிற்கவில்லை.
ஊற்ற ஊற்ற இறங்கியது.
வெயில் என்றான். காக்கை என்றேன்.
பிறகு
நீ துணி அலசினாய், நீ லாரி கழுவினாய்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து
தார்ப்பாயைத் தூக்கினால்
அடியில் கோணி ஊசிபோல வெள்ளை முனைகள்.
ஒன்றிரண்டல்ல.
பாயைத் துளைத்துப்போய்
அந்தப் பக்கத்து மண்ணைப் பிடித்திருந்தன.
"பிடுங்கி எறி" என்றவன்
பிடுங்காமல்
ஒரு முனையைக் கட்டைவிரலால்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தேவகி வந்தாள்,
கை கொள்ளாத கறிவேப்பிலையோடு.
மூன்று வருஷம் குச்சியாய் நின்ற மரம்.
"காவில் விளக்கு நேர்ந்தேன், கேட்டுவிட்டது."
நாங்கள் தலையாட்டினோம்.
டீ கொடுத்தோம்.

புதுத் தார்ப்பாய்க்கு எடுத்துவைத்த பணம்
அரிசிப் பானையில் அப்படியே கிடக்கிறது.
பத்து மணிக்கு அடித்தண்ணீர் வருகிறது.
விடியும்வரைகூட இருப்பதில்லை.
வேலியோரம் தேவகியின் ஆடு
புதிதாய் எதையோ மென்றுகொண்டு நிற்கிறது,
மூன்று விளிம்பும் உறுத்தாமல்.