நிகர எடை

பாடாங் செராயில், செம்பனை ஆலை வாசலில்,
லோரிகளை நிறுப்பது என் வேலை.
குலையோடு ஒரு தடவை,
குலை இறக்கி ஒரு தடவை.
பெரியதில் சின்னதைக் கழித்துச்
சீட்டு அடித்துக் கொடுத்தால் முடிந்தது.
ஓட்டுநர் இரண்டு தடவையும் உள்ளேயே இருப்பார்.
அதனால் கணக்கில் அவர் இல்லை.

இரவு வேலையில் லோரிக்கு லோரி இருபது நிமிடம் கிடைக்கும்.
அந்த இருபது நிமிடங்களில்
ஒரு வார இதழின் பதினாலாம் பக்கத்துக்கு
பாட்டுகளையும் எடை போட்டு வந்தேன்,
புனைபெயரில்.
கட்டுரைக்கு முப்பது வெள்ளி.
அதுவும் தீபாவளிக்குத்தான் வரும்.

'ஒன்பதாங்கட்டை' குழுவை
யாருக்கும் தெரியுமுன்னே எனக்குத் தெரியும்.
(இதைச் சொல்லும்போது என் குரல்
கொஞ்சம் உயர்ந்துவிடும், கவனித்திருக்கிறேன்.)
பூப்பந்து மண்டபத்தில் அவர்கள் முதலில் வாசித்தபோது
இருபத்து மூன்று பேர் இருந்தோம்,
பூட்டுவதற்குக் காத்திருந்த லியோங்கையும் சேர்த்து.
ஒலிபெருக்கி இரண்டு முறை செத்துப் பிழைத்தது.
சர்மினி ஒரு வரியை மறந்து சிரித்தாள்.
சிரிப்பு சரியாகத் தாளத்தில் விழுந்தது.
அன்று பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய சட்டையில்
இப்போது 'ஒன்ப' மட்டும் மிச்சம்.

பிறகு கோலாலம்பூரில் யாரோ அவர்களைப் புகழ்ந்தார்கள்.
எனக்குப் பல்வலி வந்த மாதிரி இருந்தது,
என் மோட்டாரை எவனோ கேட்காமல்
எடுத்துக்கொண்டு போன மாதிரியும்.
அந்த மாதம்தான் அவர்களின் ஆறு பாட்டும் வெளிவந்தது.
எழுதினேன்:
"மூன்றாவது பாட்டின் நடுவே பெரிய பள்ளம்.
குரல் போய்விடுகிறது,
தாளம் மட்டும் தனியாகக் காவல் நிற்கிறது.
சொல்ல ஒன்றுமில்லாதவர்களின் மௌனம்."
கடைசி வாக்கியத்தை முடித்ததும்
எழுந்து ஒரு மைலோ கலக்கிக் குடித்தேன்.
அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு, என் வாக்கியம்.

மூன்று வாரம் கழித்து, விடிகாலை நாலே கால்,
மேடையில் ஏறி நின்றது ஒரு பச்சை லோரி.
உள்ளே குகநேசன். டிரம்ஸ் அடிக்கிறவன்.
புனைபெயருக்குப் பின்னால் நான் என்பது
இந்த ஊரில் ஆலைப் பூனைக்குத்தான் தெரியாது.
சீட்டை நீட்டினேன்.
வாங்காமல் என் காதையே பார்த்தான்.

"ஒரு காதுலதான் கேப்பீங்களாக்கா?"
"ஹாரன் கேக்கணும்ல. வலது காது ஆலைக்கு."
"மூணாவது பாட்டுல அவ வலப்பக்கம் போயிருவா.
முழுசா."
சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை விட்டதும் பசியாறப் போகவில்லை.
கம்பிச் சடக்கு ஓரம் மோட்டாரை நிறுத்தி
இரண்டு காதிலும் மாட்டினேன்.
பள்ளம் வந்தது.
வலப்பக்கத்தில், மிகத் தள்ளி,
மறந்த அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தாள் சர்மினி,
வாயை மூடிக்கொண்டு சமையல் செய்கிறவர்கள் முனகுவது போல.
அவளுக்கும் பின்னால்
கிலுங், கிலுங் என்று ஏதோ.
மூன்றாம் முறை கேட்டபோதுதான் தெரிந்தது,
லியோங்கின் சாவிக்கொத்து.

திருத்தம் ஒன்று எழுதி அனுப்பினேன்.
"இந்த வாரம் இடமில்லம்மா,
ரெண்டு பக்கம் பேரங்காடி விளம்பரம்" என்றார் ஆசிரியர்.
அடுத்த வாரமும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை பச்சை லோரி மறுபடி ஏறியது.
"கேட்டேன்" என்றேன்.
"ம்."
"ரெண்டு காதுலயும்."
"ம்."
"நாலாவது பாட்டு இன்னமும் மோசம்தான், தம்பி."

சிரித்தான்.
இருக்கை குலுங்கச் சிரித்தான்.
திரையில் எண் இருபது கிலோ ஏறி
இருபது கிலோ இறங்கி
மறுபடி ஏறியது.
அது நிற்கும்வரை
சீட்டு அடிக்காமல் காத்திருந்தேன்.