அரைப் பேர்

கெசல்கமு ஓயாவின் மேல் இரும்புப் பாலம்.
தகட்டில் பதினேழு என்றொரு எண், மீதி துரு.
வரைபடம் கேட்டோம்.
தோட்டத்து ஆபிசில் கறையான் விட்டுவைத்தது
ஒரு மூலையும் யாரோ போட்ட கையெழுத்தும்.

ஆகவே முக்காலியை ஊன்றினோம்,
அட்டை ஏறாதிருக்க சவர்க்காரம் தேய்த்த காலுறையோடு
நானும் திலும் மல்லியும்.
பனி விலகிய இடைவெளிகளில்
ஒன்பது இடங்களிலிருந்து
கருவி தலையைச் சுழற்றி
ஒவ்வொரு தறையாணியையும் தொட்டு வந்தது,
செக்கனுக்கு ஐந்து லட்சம் புள்ளி.

"புதுப் பாலமா தங்கச்சி?" என்றார் புஷ்பகாந்தி அக்கா.
இல்லக்கா, இருக்கிறதையே இன்னொன்று செய்கிறோம்,
கொம்பியூட்டருக்குள்ள.
"அதுல ஏறி எங்க போறது?"

ஹட்டனில் வாடகை அறை. இரவு.
எட்டு அளவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள
ஆறாவது முரண்டு பிடித்தது.
கரைத்தூண் சரி, பாறை சரி,
நடுப்பாலம் மட்டும்
ஒன்பது மில்லிமீற்றர் கீழே.

"ஈர மண் அக்கே, முக்காலி புதைந்திருக்கும்."
புதைந்திருந்தால் பாறையும் கூடவே நகர்ந்திருக்கும்.

மென்பொருள் இரைச்சல் என்று
கழித்துப் போட்டதை மறுபடி திறந்தேன்.

நாலு மணி. நிறுவை நேரம்.
அக்கரைக்கு லொறி வரவில்லை.
பாலத்தின் மேல் நிற்கிறார்கள்,
நெற்றியில் கயிறு, முதுகில் கொழுந்துச் சாக்கு.
அசைந்தவர்கள் புகை.
கம்பியில் சாய்ந்து அசையாமல் நின்றவர் பாதி:
ஒரு தோள், தாடை, சிவப்புத் தலைத்துண்டு.
மறுபாதி லேசர் எட்டாத பக்கம்.

கொழுந்து குறைந்தால் இங்கே
அரைப் பேர்தான் போடுவார்கள்.
கருவிக்கு அதை யார் சொன்னது?

நிழல்களை எண்ணினேன், முப்பத்திரண்டு.
ஆளோடு ஈரக் கொழுந்தையும் சேர்த்து
சாப்பாட்டுப் பில்லின் பின்புறம் கூட்டினேன்.
இரண்டு டன், கொஞ்சம் மேலே.
பாலத்தின் நீளத்தை வைத்துப் பார்த்தால்
ஒன்பது மில்லிமீற்றர் பிழையே இல்லை.
அந்த நாலு நிமிடமும் அது
வேலை செய்துகொண்டிருந்தது.

ஒப்பந்தம் கேட்பது வெறும் பாலம்.
ஆட்கள், விலங்கு, மரக்கிளை நீக்கப்பட வேண்டும்,
பிரிவு நாலு.
நீக்கினேன். எட்டையும் தைத்து
துருப் பள்ளம் வரை ஒத்த ஒரு பாலத்தை
கொழும்புக்கு அனுப்பினேன்.
யாரும் கடக்காத பாலம், அழகாகவே இருந்தது.

பிறகு, கேட்காத பின்னிணைப்பு ஒன்று.
சுமையேற்றிப் பார்க்கக் காசில்லை என்றவர்களுக்கு
ஏற்கெனவே ஏறி நின்றவர்களின் கணக்கு.
வழக்கமாக மணல் மூட்டை என்று வரும் கட்டத்தில்
முப்பத்திரண்டு பேர் என்று எழுதி,
முன்னால் 'முழு' என்று சேர்த்தேன்.

"ஓரத்தில் இந்தப் புகை?" என்றான் திலும்.

முழங்கால் உயரம்தான்.
ஓடிய பிள்ளையோ, நாயோ.
அதற்கு மட்டும் எடை போடாமல் விட்டேன்.