கடைசி மிடறு

வில்லாபுரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில்
இரண்டாம் மாடி, பின்பக்க அறை.
பீரோவை நகர்த்தியதில் கிடைத்த
ஒரு கோரைப்பாய் அகலம்தான் என் தேநீர் அறை.
அங்கே போல் தாழ்ந்த வாசல் கிடையாது.
கொடிக்கயிறு உண்டு; ஈரப் புடவைக்குக் கீழே
எப்படியும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

பச்சைத் தூள் கூரியரில் வந்தால்
கால்வாசிச் சம்பளம் போகும்.
வாரத்தில் ஆறு நாள் வெறும் வெந்நீர்.
மூங்கில் மத்தால் ஒன்றுமில்லாததைக் கடைகிறேன்.
கொஞ்சம் நுரைக்கத்தான் செய்கிறது.

கெண்டி இரைவதைப்
பைன் மரக் காற்று என்பார்கள் தொயாமாவில்.
எனக்கு அது அவனியாபுரம் பைபாஸ்
டீக்கடை பாய்லர்.

மூன்று வருஷம் முதியோர் இல்லத்தில்
படுக்கை விரிப்பு மாற்றினேன்.
வியாழக்கிழமைகளில் சக்கர நாற்காலிகளைத்
தேநீர் வகுப்புக்குத் தள்ளிப்போய்
சுவரோரம் நிற்பேன்.
ஒருநாள் ஆள் குறைந்தது, உட்காரச் சொன்னார்கள்.
கால் மரத்து, எழுந்தபோது விழுந்தேன்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
அம்மா செத்த சேதிக்குப் பிறகு
அதுதான் முதல் சிரிப்பு.

வகுப்பெடுத்த தகாகி தபால் நிலைய ஊழியை,
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
ஒரே ஒரு குறைதான் சொன்னாள், மூன்று வருஷமும்:
வைத்ததும் கையை எடுத்துவிடுகிறாய்.
எதை வைத்தாலும் அப்படித்தான் நான்.
அகப்பையை, கிண்ணத்தை,
தொலைபேசியை.

போன ஞாயிறு சோணைமுத்து வந்தான்.
கக்கத்தில் பிளாஸ்டிக் கவர்,
உள்ளே விடுதலைப் பத்திரம்.
பெருங்குடியில் நாலு சென்ட்,
நான் அனுப்பிய பணத்தில் கம்பிவேலி போட்ட இடம்.
கூடப் பிறந்தவனுக்கென்று
ஒரு வாக்கியம் வைத்திருந்தேன் நாலு வருஷமாக,
வாரம் ஒருமுறை தீட்டி.

"காப்பியெல்லாம் வேணாம், கையெழுத்தைப் போடு."
"உட்காரு."
ஆறடி ஆள் புடவைக்குக் கீழே
முனகிக்கொண்டே குனிந்து வந்தான்.

அன்று தூள் போட்டேன்,
டப்பாவின் மூலையைச் சுரண்டி.
துணி மடிக்கையில் விரல் நடுங்கியது.
அகப்பையிலிருந்து பாயில் இரண்டு சொட்டு.
கிண்ணத்தின் முகம் அவனைப் பார்க்கத்
திருப்பி வைத்தேன்.
வைத்த கை அங்கேயே இருந்தது
ஒரு மூச்சு நேரம்.

வணங்கவில்லை, கிண்ணத்தைத் திருப்பவில்லை,
மீசையெல்லாம் பச்சை.
"கீரை கழுவுன தண்ணி மாதிரி இருக்கு."
ஆனாலும் கீழே வைக்கவில்லை.
கடைசி மிடறைச் சர்ரென்று உறிஞ்சினான்,
கீழவாசல் கடையில் உறிஞ்சுகிற அதே உறிஞ்சல்.

அதுதான் முறை.
முடிந்தது, நன்றாயிருந்தது என்று
விருந்தாளி சொல்லும் சத்தம் அது.
கூச்சமில்லாமல் அதைச் செய்ய
எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

வாக்கியம் தொண்டை வரை வந்தது.
இவ்வளவு நீளமா என்றிருந்தது.
"போட மாட்டேன், சோணை" என்றேன்.
பத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.
கையை எடுக்கவில்லை உடனே.
அவன் அந்தக் கையைப் பார்த்தான்,
புதிதாக ஒரு மச்சம் முளைத்ததைப் போல.
கோபமாகத்தான் போனான்.
படியில் செருப்பு, பிறகு வண்டி
மூன்று உதை வாங்கிக் கிளம்பியது.

கிண்ணம் கழுவக்கூட இல்லை,
கீழே தண்ணீர் லாரி ஹாரன்.
இரண்டு குடம், ஒரே ஓட்டம்.
"ஏய், எவ என் குடத்தைத் தள்ளுனது?"
தெருமுனை வரைக்கும் கேட்ட குரல்
என்னுடையது.