நாற்பத்தோராவது வரி

பாயான் லெப்பாசில் இரவு இரண்டே முக்கால்.
தளம் முழுக்க ஏர்கோன் ஓசை.
கழிவறையில் தண்ணீர் இல்லை.
அக்கரையில் ஏதோ வால்வு உடைந்ததாம்.
நான்கு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்,
தமிழில் மட்டும் ‘தன்னீர்’.

என் திரையிலும் கிட்டத்தட்ட அதே அறிவிப்பு:
எடுக்க முடியவில்லை.
அந்த முகவரியில் எதுவும் இல்லை.

நாங்கள் செய்வது தண்ணீர் மீட்டர்.
உள்ளங்கை அளவு பலகை, பத்து வருஷம் தாங்க வேண்டிய பேட்டரி.
அதற்குள் போகும் நிரலில்
நான் எழுதியது எட்டில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.
மீதி ஊரார் வீட்டுச் சரக்கு.
நாற்பத்தொரு களஞ்சியம்.
ஒன்று எங்கோ பனி ஊரில் ஒரு மாணவனுடையது.
ஒன்று யாருடையது என்றே தெரியாது,
முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தவளை.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதைப் பார்க்கத்தான்.
எந்த ஓடை, எந்தக் கிளை, என்ன உரிமம்,
கடைசியாகத் தொட்டது யார்,
தொட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா.

என் நட்சத்திரமும் மூலம்.
பெண் மூலம் நிர்மூலமாயிற்றே என்று
சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த குடும்பம்
கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னது.
கோப்பைகளை நான்தான் கழுவினேன்.

நாற்பது வரிக்கு முளையடித்து வைத்திருந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு பெயர்,
வாய்விட்டுக் கூப்பிட முடியாதது,
உள்ளே ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் வேறாகிவிடுவது.
ஜாதகத்தில் பிறந்த நேரத்தைத் திருத்தலாம்.
இதில் முடியாது.

நாற்பத்தோராவது வரியில்
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
எது புதிதோ அதை எடு என்று இருந்தது.
பக்கத்தில் குறிப்பு: தற்காலிகம், பிறகு பார்க்கலாம்.
யார் இந்த அறிவாளி என்று வரலாற்றைத் தோண்டினேன்.
தைப்பூசத்துக்கு முந்தின நாள்,
மாலை ஐந்து ஐம்பத்தெட்டு.
என் பெயர்.

சூன் லியாங் சிரிக்கவில்லை.
மீ பொட்டலத்தை ரப்பர் போட்டு மூடிவிட்டு
‘உன் பழைய மெஷின் எங்கே’ என்றான்.

புதிய சர்வர் சுத்தக்காரி.
ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் உலை வைப்பாள்.
பழையது என் மேசைக்கடியில் கிடந்தது,
விசிறியில் தூசு கம்பளியாய்.
பிளக்கைச் செருகினோம். ஒன்றுமில்லை.
பிறகு ஒரு இருமல்.

இறக்கிய கோப்புகளின் கிடங்கில், அடியில்,
இருந்தது.
வால்வோடு பேசத் தெரிந்த அந்தச் சின்ன நூலகம்,
மொத்தம் பதினொரு கோப்பு,
அழித்தவர் அழிப்பதற்கு முன்பே
எங்களுக்கே தெரியாமல் எங்களிடம் தங்கிவிட்டது.
கடைசி கமிட்டில் நிரல் எதுவும் மாறவில்லை.
ஒரு செய்தி மட்டும்:
இனி என்னால் இதைப் பார்த்துக்கொள்ள முடியாது,
யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், மன்னிக்கவும்.
பதினாறு மாதம் ஆகிறது.
பதினாறு மாதம் அந்த வாக்கியத்தை
இரவுதோறும் இறக்கி
அதன்மேல் மீட்டர் கட்டியிருக்கிறோம்.
ஒருவரும் படிக்கவில்லை.

எங்கள் கிடங்கில் அதற்கு இடம் கொடுத்தேன்.
முளையடித்தேன்.
நாற்பது எழுத்தையும் சூன் லியாங் வாசிக்க
நான் விரல் வைத்துப் பார்த்தேன்,
இயந்திரம் பார்க்கும், தேவையே இல்லை, இருந்தாலும்.
‘பிறகு பார்க்கலாம்’ இருந்த இடத்தில்
அந்த மன்னிப்பை எழுதியவர் பெயரோடு ஒட்டினேன்.
மற்ற நாற்பதையும் நகலெடுத்து வைக்க வேண்டும்.
பட்டியல் போட்டிருக்கிறேன்.
பட்டியலோடு நிற்கிறது.

நாலரைக்குப் பச்சை விழுந்தது.
கழிவறைக் குழாய் இரண்டு தடவை செருமிவிட்டு
பழுப்பாய்க் கொட்டியது.
சுங்கை மூடா தண்ணீர், கடலுக்கடியில் குழாய் வழி வருவது.
கெடாவில் எங்கோ தொடக்கம்.
போய்ப் பார்த்ததில்லை.
கையை நீட்டாமல் நின்றுகொண்டிருந்தேன்,
நிறம் தெளிகிறவரை.