பின்சில்லு

டெமகாமி தாண்டி வடக்கே ஏறுகிற மேட்டில்
இரவு ஒன்பது இருபதுக்கு
சில்லு ஓடியது,
வண்டி ஓடவில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.
இடப்பக்கப் பின்சில்லு பம்பரம்.
மற்றப்பக்கம் இறங்கிப் போன யோகமலர் கத்தினாள்:
"இஞ்சால சும்மா நிக்குது!"

அப்படித்தான் அதன் அமைப்பு.
எது வழுக்குகிறதோ அதற்கே சுழற்சியெல்லாம் போகும்.
பிடித்து நிற்கக்கூடியது
வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.
நோர்த் பேயில் வண்டியை விற்ற ரேஜான்
கராஜ் கதவடியில் கையைத் துடைத்தபடி சொன்னவன்தான்,
இது நாலு சில்லாலும் இழுக்காது,
இரண்டுதான், அதுவும் பின்னால்,
பெட்டியில் பாரம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.
எங்களுக்கு விலை மட்டும் கேட்டது.

பின்னால் ட்ரெய்லர்.
மூக்குப்பக்கம், மூடிய உணவகமொன்றில் வாங்கிய
இரண்டு காலிக் குளிர்ப்பெட்டிகள்.
வாசலோரம் இருபத்துநாலு மூட்டை அரிசி,
நாற்பது இறாத்தல் ஒவ்வொன்றும்.
ஏற்றியது நான்.
முதலில் இறக்க வேண்டியது கடைசியில் ஏறவேண்டும் என்பது
என்னுடைய கெட்டித்தனம்.
"பாரத்த முன்னுக்குப் போடுவம்" என்று அவள் சொன்னது
ஸ்காபரோவில்.
என் பதிலில் கடன், வட்டி, அவளுடைய அண்ணன்
எல்லாம் வந்துவிட்டன.
பாரி நகரத்துக்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.
தேரை விட்டுவிட்டு நடந்துபோக
இங்கே முல்லையும் இல்லை,
இருபுறமும் வெட்டிய கருங்கல்,
மேலே பனியாக முடிவெடுக்காத மழை.

இப்போது லாம்பைப் பிடித்துக் காட்டினாள்.
ட்ரெய்லரின் வால் தாழ்ந்திருந்தது.
வால் தாழ மூக்கு எழும்புகிறது,
மூக்கு எழும்பக் கொளுக்கி எங்கள் வண்டியை
இடுப்பில் பிடித்துத் தூக்குகிறது.
தரையைத் தொட்டும் தொடாமலும் இரண்டு சில்லுகள்.
நானூறு கிலோமீற்றர் அப்படியே வந்திருக்கிறோம்.

கருங்கல் துண்டுகளைச் சில்லுகளுக்கு அண்டை கொடுத்துவிட்டு
மூட்டை தூக்கினோம்.
முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம்
ஆட்களைத் தூக்கிக் கிடத்தியவள் அவள்.
"கையில வையாத, இடுப்போட வை.
தூரப் பிடிச்சா அது உன்னத்தான் இழுக்கும்."
பத்து மூட்டை வண்டிப் பெட்டிக்குள்.
நான் வாலோரம் எறியப்போனேன்.
இல்லையாம். கேபினோடும் இல்லையாம்.
முழங்காலில் இருந்து அச்சு எங்கே போகிறதென்று பார்த்து
அதற்கு நேர்மேலே
குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினாள்.
மிச்சம் பதினாலும் குளிர்ப்பெட்டிகளுக்குள் போயின.
வாழ்க்கையில் முதற்தடவையாக அரிசியைக் குளிரில் வைத்தோம்,
மின்சாரம் இல்லாமலே.

அதன்பிறகு கல்லுப்பு.
ஆறு பக்கற் கிழித்துச்
சில்லுக்கு முன்னால் கோலப்பொடிபோல் அல்ல,
கோபத்தோடு வீசினேன்.
உப்புப் போட்டிருக்கிறேன் உனக்கு,
மறந்துவிடாதே என்று
ரோட்டைப் பார்த்துச் சொன்னேன்.
யோகமலர் சிரித்ததுபோல் இருந்தது.
இருமலாகவும் இருக்கலாம்.

காத்திருந்தோம்.
ஐஸ் நொறுங்குகிற சத்தம்
பப்படம் மாதிரி.

இரண்டாம் கியர்.
கால் விரலின் எடை மட்டும்.
"மெதுவா," என்றாள்.
வண்டி ஒருதரம் முனகி
எங்களைக் கொஞ்சம் பக்கவாட்டில் யோசித்து
பிறகு ஏறியது.
உச்சியில் இருவருமே நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு மூட்டை கிழிந்திருந்ததை
நியூ லிஸ்கர்டில் கடை வாசலில்தான் கண்டோம்.
அந்த மேட்டிலிருந்து வீடுவரை
காகங்களுக்கு வழி தெரிந்திருக்கும்.

கடன் பற்றிய கதை இன்னும் முடியவில்லை.
வண்டிப் பெட்டியில் நாலு மூட்டையை
சித்திரை வரை இறக்கவேயில்லை.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து
விலை கேட்கிறவர்களுக்கு
யோகமலர் கல்லாவில் இருந்தபடியே சொல்வாள்:
"அது விக்கிறதுக்கில்ல.
அது வண்டியின்ர எடை."