கெண்டை

நாலே முக்காலுக்கு, அலாரத்துக்கு முன்னால்
அது எழுந்துவிடும்.
இடது காலில், முழங்காலுக்குக் கீழே,
வயிறு பருத்து வால் ஒடுங்கி
குதிகாலைக் கவ்விக் கிடக்கிற சதை
ஒரே துள்ளலில் கல்லாகும்.
சதைக்கு மீன் பெயரை வைத்தவனுக்கும்
ஒரு ராத்திரி இப்படிப் பிடித்திருக்க வேண்டும்.

பெருவிரலை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு
கீழ்வீட்டில் யாரும் முழிக்காதபடி பல்லைக் கடிக்கிறேன்.
அப்புறம் ஷூ.
அப்புறம் காமராஜர் சாலை இருட்டு.
அப்புறம் தெப்பக்குளம்.

போன மாதம் வரை இரண்டு சுற்று.
பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த மறுநாளே
ஆறு சுற்று.
"ஆசைதான் காரணம்" என்கிறார்
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சவுந்தரபாண்டியன்.
அவருக்கு உலகத்து வலியெல்லாம் வாழைப்பழத்தில் தீரும்.
கீழவாசல் செருப்புக்கடைப் பையனோ
ஷூவைத் திருப்பிப் பார்த்து
"வெளிக்குதி தேஞ்சுபோச்சுக்கா,
புதுசு ரெண்டாயிரத்து நானூறு" என்கிறான்.

அண்ணாநகரில் பிசியோதெரபி பார்க்கிற ரெஜினா
என்னைச் சுவரோரம் நிறுத்தினாள்.
குதிகால் தரையை விடாமல்
முட்டி சுவரைத் தொட வேண்டுமாம்.
வலது தொட்டது.
இடது இரண்டு விரல் தூரத்தில் நின்றுகொண்டு
மேற்கொண்டு வர மாட்டேன் என்றது.
"எந்தப் பக்கமாச் சுத்துவீங்க?"
இது என்ன கேள்வி. கோயில் குளம். வலமாகத்தான்.
"அப்ப ஒவ்வொரு திருப்பத்திலயும்
வெளிக்கால்தான் கூடுதலா உழைக்குது."
எழுதிக்கொண்டாள். "தண்ணி?"
"நிறையக் குடிப்பேன்" என்றேன்.
பொய்.

விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை, இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
கழிவறை மொட்டைமாடியில்.
போனால் நோட்டில் நேரம் எழுதுவார் சூப்பர்வைசர் கோட்டைச்சாமி.
வந்தால் இன்னொரு தரம் எழுதுவார்.
பத்தரைக்கு ஒரு டம்ளர். மூன்று மணிக்குப் பாதி.
அத்தோடு சரி.
இதை ரெஜினாவிடம் எங்கே சொல்வது,
அவள் கேட்டதெல்லாம்
நான் என்ன உடற்பயிற்சி செய்கிறேன் என்றுதானே.

"அந்தா, மேல இருக்கே, மயில்கழுத்துக் கலர்."
குதிகால் தூக்கினேன்.
"அதில்ல, அதுக்குப் பக்கத்துல."
மறுபடி தூக்கினேன்.
அப்போதுதான் உறைத்தது.
அந்தக் கணத்திலிருந்து எண்ணினேன்,
ஒவ்வொரு இருபதுக்கும் முந்தானையில் ஒரு குண்டூசி.
ஆவணி முகூர்த்தக் கூட்டம்.
கடை சாத்துகையில் பதினான்கு குண்டூசி.
யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ
இருநூற்று எண்பது முறை நுனிக்காலில் நின்றிருக்கிறேன்.
நான் உடற்பயிற்சி செய்வது காலையில் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுநாள் தெப்பக்குளத்தை இடமாகச் சுற்றினேன்.
மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு அம்மா
"ஏம்மா எதிராப் போற" என்று அதட்டினார்.
கும்பிட்டுவிட்டு ஓடினேன்.
நான்கு மாதமாக முதுகாக மட்டும் தெரிந்தவர்களுக்குத்
திடீரென்று முகம் முளைத்தது.
பச்சைச் சட்டைக்காரருக்கு மீசை இருக்கிறது.
கைவீசி நடக்கிற நர்ஸம்மா
யாரையோ மெல்லிய குரலில் திட்டிக்கொண்டு வருகிறார்.
சவுந்தரபாண்டியன் வலது காலைச் சற்றே இழுக்கிறார்;
எதிரே என்னைக் கண்டதும்
நேராக்கிக்கொள்கிறார்.
நானும் பார்க்காத மாதிரி ஓடினேன்.

மைய மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் ததும்பி நின்றது.
படியில் உட்கார்ந்து
பாட்டில் முழுவதையும் குடித்தேன்.
எழுதட்டும் நோட்டில்.

பத்து மணிக்குக் கோட்டைச்சாமியிடம் போய்
"ஒரு ஸ்டூல் வேணும்ண்ணே" என்றேன்.
"உக்காரவா?"
குரலில் கத்தரிக்கோல் இருந்தது.
"ஏற."
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு, ஏனோ, காலை.
மூடிய நோட்டின் மேல் பேனா
இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தது.